பாடியா, லென்ஸா? பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கேமரா வழிகாட்டி

ஃபுல் ஃபிரேம் கேமரா, அதாவது பெரிய சென்சார் உள்ள கேமரா, வாங்க ஒன்றரை வருடம் பணம் சேர்த்தேன். கடைசியில் வாங்கியது செகண்ட் ஹேண்டில் ஒரு 35 மி.மீ. லென்ஸ்.

நடுவில் நடந்தது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஞாயிறு மதியம், மனசுக்குப் பிடிக்காமல் போன என் படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று நோட்டில் எழுதினேன். முக்கால்வாசி வீட்டுக்குள் எடுத்தவை. பிறந்தநாள், நலங்கு, கொலுவுக்கு வந்த குழந்தைகள். எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: ஷட்டர் திறந்திருந்தது 1/30 நொடி, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400, குழந்தையின் கை கலங்கியிருக்கும், முகமெல்லாம் புள்ளி புள்ளியாக நாய்ஸ்.

அப்போது என்னிடம் இருந்தது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். 35 மி.மீ. பக்கம் வைத்தால் அந்த லென்ஸ் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). எஃப் 1.8 லென்ஸ் அதே இடத்தில் ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். 4.5-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. என் கேமராவில் இருந்த ஏ.பி.எஸ்.சி. சென்சார் 23.5-க்கு 15.6 மி.மீ. பரப்பளவில் 2.4 மடங்குகூட முழுசாக வரவில்லை. அதாவது, பெரிய தொகை கொடுத்துப் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மாற்றினால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே லாபம். அதில் சிறு பங்கைக் கொடுத்து லென்ஸ் மாற்றினால் ஆறு மடங்கு. 1/30 நொடியில் எடுத்த படத்தை அதே ஐ.எஸ்.ஓ.வில் கிட்டத்தட்ட 1/180-இல் எடுக்கலாம். குழந்தையின் கை நிற்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு, அக்கா பையன் வந்து “மாமா, எந்த கேமரா வாங்கட்டும்?” என்று கேட்டபோது மாடல் பெயர் எதுவும் என் வாயில் வரவில்லை. அவனிடம் சொன்னதை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் கேமரா வாங்குபவர்கள் மூன்றாம் படிக்குப் போகலாம்.

1. கெட்டுப்போன படங்களை எண்ணுங்கள்

கடைசி ஒரு வருடப் படங்களிலிருந்து ஐம்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல படங்கள் வேண்டாம். “இது மட்டும் சரியாக வந்திருந்தால்” என்று நீங்கள் ஏங்கிய படங்கள்தான் வேண்டும். ஒவ்வொன்றையும் நூறு சதவீத ஜூமில் பாருங்கள்.

பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருக்கிறது, ஆள் மட்டும் கலங்கியிருக்கிறாரா? ஷட்டர் போதவில்லை. வெளிச்சமோ, அகலமாகத் திறக்கும் லென்ஸோ வேண்டும். சுவர், ஆள் எல்லாமே இரட்டை இரட்டையாகத் தெரிகிறதா? உங்கள் கை ஆடியிருக்கிறது. ஸ்டெபிலைசேஷனோ முக்காலியோ இதைத் தீர்க்கும். முகத்துக்குப் பதிலாகக் காதோ பின்னால் நிற்பவரின் சட்டையோ தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது என்று அர்த்தம். இதில் பாதி செட்டிங் கோளாறு, மீதிதான் கேமராவின் கோளாறு. பறவை கடுகளவுக்குத் தெரிந்தால் லென்ஸின் நீளம் போதவில்லை.

எல்லாம் தெளிவாக இருந்தும் படம் சப்பென்று இருக்கிறதா? வீட்டுக்கு வெளியே எடுத்தவற்றில் அதுதான் எனக்கு அதிகம் வந்தது. கடையில் அதற்கு மருந்து கிடையாது. விடியலில் எழுந்து போவதும், இன்னும் இரண்டடி கிட்டே போவதும்தான் வழி.

அப்புறம், எந்த ஃபோகல் லென்த்தில் (லென்ஸ் தூரத்தை எவ்வளவு இழுக்கும் என்று சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு) அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த விவரம் பதிந்திருக்கும். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் படங்களைத் திறந்தால் மில்லிமீட்டர், ஷட்டர், அப்பர்ச்சர் (எஃப் எண்), ஐ.எஸ்.ஓ. நான்கையும் பார்க்கலாம். 18-55 லென்ஸில் எடுத்தவற்றில் பெரும்பாலானவை 55-இல் இருந்தால் உங்களுக்குத் தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் ஆசை. 18-இலேயே கிடந்தால் அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் தேவைப்படலாம். 30-க்கும் 40-க்கும் நடுவே குவிந்திருந்தால் என் கதைதான் உங்களுக்கும்.

2. பணம் கேட்காத மாற்றங்களை முதலில் செய்யுங்கள்

கேமராவை ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு ‘இது சரியில்லை’ என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே மூன்று வருடம் அப்படித்தான் இருந்தேன்.

அப்பர்ச்சர் பிரயாரிட்டிக்கு (அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோட்) மாற்றுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்று வையுங்கள். நிக்கானில் இது ஐ.எஸ்.ஓ. மெனுவுக்குள்ளேயே இருக்கும், மற்ற பிராண்டுகளிலும் பல மாடல்களில் இந்த வசதி உண்டு. ஆள் அசைந்து கலங்கும் படங்களில் பெரும்பகுதி இந்த ஒரு செட்டிங்கிலேயே சரியாகிவிடும். நாய்ஸ் கொஞ்சம் கூடும்தான். நாய்ஸ் உள்ள படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஓடும் குழந்தை, பறக்கும் பறவைக்குத் தொடர் ஃபோகஸ். நிக்கானிலும் சோனியிலும் இதன் பெயர் ஏ.எஃப்.-சி, கேனானில் ஏ.ஐ. சர்வோ அல்லது வெறும் சர்வோ. கேமரா தானாகப் புள்ளியைத் தேர்ந்தெடுக்க விடாமல், ஒரே புள்ளியை நீங்கள் வைத்துப் பழகுங்கள்.

ராவில் (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. ஜன்னலோரம் அமர்ந்த பாட்டியின் முகம் கருத்துப் போனால் மீட்டுக்கொண்டு வருவது அந்த வித்தியாசம்தான். ரா படங்களைத் திருத்தும் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். பணம் கட்டி மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: 2023-இல் லைட்ரூமில் ஏ.ஐ. டீநாய்ஸ் வந்த பிறகு, நாய்ஸுக்காகவே பாடி மாற்றும் நியாயம் ரொம்பவே குறைந்துவிட்டது. என் பழைய 6400 படங்களை அதில் போட்டு எடுத்தபோது, இதற்காகவா லட்சத்தைச் செலவழிக்கப் பார்த்தோம் என்று தோன்றியது.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்துவிட்டு, மறுபடியும் ஐம்பது படங்களை எண்ணுங்கள். குறை அப்படியே இருந்தால் பணத்தை எடுக்கலாம்.

3. என்ன எடுக்கப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ‘எல்லாமே’ என்று பதில் சொன்னால் 18-140 மாதிரி ஒரு லென்ஸ் வாங்கி எல்லாவற்றையும் சுமாராக எடுக்க வேண்டியதுதான். பயணத்துக்கு அது தப்பில்லை. ஆனால் எதையாவது ஒன்றை ஆசையாக எடுக்கிறீர்கள் என்றால், அதிலிருந்துதான் லென்ஸ் பிறக்கும், லென்ஸிலிருந்துதான் பாடி.

வீடு, விசேஷம், குழந்தைகள்: ஏ.பி.எஸ்.சி. கேமராவில் 35 மி.மீ. எஃப் 1.8 அல்லது 30 மி.மீ. எஃப் 1.4. கண்ணால் பார்க்கிற மாதிரியே இருக்கும். ‘நிஃப்டி ஃபிஃப்டி’ என்று எல்லோரும் பரிந்துரைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 விலை குறைவு, அழகான லென்ஸ், சந்தேகமில்லை. ஆனால் ஏ.பி.எஸ்.சி.யில், சென்சார் சின்னது என்பதால், அது 75, கேனானில் 80 மி.மீ. பார்வையாகிவிடும். நம் வீட்டுப் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரை அதற்குள் அடக்க, நீங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து பீரோவில் முட்டிக்கொள்வீர்கள். முகத்தை மட்டும் எடுக்க அதுதான் சிறந்தது.

கச்சேரி, நாட்டியம், மேடை நாடகம்: ஃபிளாஷ் அடிக்க முடியாது, கிட்டேயும் போக முடியாது. 85 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். 70-200 எஃப் 2.8-க்கு ஆசைப்படுவது இயல்புதான், ஒன்றரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மேடையில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய வசதி. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா, கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆரை உண்மையிலேயே ஜெயிக்கும் இடங்களில் இது ஒன்று. எல்.இ.டி. விளக்கு மேடைகளில் அதே எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும், முதல் சில படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

பறவைகள்: இங்கேதான் பணம் அதிகம் கரையும். வேடந்தாங்கலில் நாம் நிற்பது ஏரிக்கரையில், கூடு கட்டியிருப்பது தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில். நத்தைக்குத்தி நாரை மாதிரிப் பெரிய பறவைகள் 300 மி.மீ. லென்ஸில் ஓரளவு கிடைக்கும். தனிப் பறவையின் கண் தெரிய வேண்டும் என்றால் 500, 600 வேண்டும். பள்ளிக்கரணையிலும் அதே நிலைதான்.

பறவைக்காரர்களுக்கு ஃபுல் ஃபிரேம் லாபமே இல்லை என்பது என் கருத்து. 300 மி.மீ. லென்ஸ் ஏ.பி.எஸ்.சி.யில் 450 மி.மீ. பார்வையைத் தரும், ஃபுல் ஃபிரேமில் 300 மட்டுமே. பாடிக்குச் செலவழித்துவிட்டு, விட்ட தூரத்தைப் பிடிக்க இன்னும் நீளமான, இன்னும் கனமான லென்ஸுக்குச் செலவழிக்க வேண்டும். தொடங்குபவர்களுக்குக் கேனானில் 55-250 எஸ்.டி.எம்., நிக்கானில் 70-300 ஏ.எஃப்.-பி வி.ஆர்., இரண்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஒரு சீசன் முழுக்க அதிலேயே எடுங்கள். அடுத்த நவம்பரிலும் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைக்கிறீர்கள் என்றால், சிக்மா, டாம்ரானின் 150-600 பற்றியோ நிக்கான் 200-500 பற்றியோ யோசிக்கலாம்.

பூச்சி, பூ: மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன், ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற கிளிப் லென்ஸை டெலி ஜூமின் முன்னால் மாட்டிப் பாருங்கள். மேக்ரோ லென்ஸை விட விலை எவ்வளவோ குறைவு, எறும்பின் கண் தெரியும்.

மலை, கடல், கோயில் கோபுரம்: நல்ல முக்காலி. அவ்வளவுதான். கிட் லென்ஸை எஃப் 8-இல் வைத்து எடுத்தால் விலையுயர்ந்த லென்ஸோடு வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டப்படுவீர்கள்.

4. பாடி மாற்ற நியாயமான காரணங்கள்

லென்ஸையே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 35 மி.மீ. வாங்கி இரண்டு வருடம் கழித்து நானும் பாடியை மாற்றினேன். மகள் சைக்கிள் ஓட்டப் பழகிய மாதம் அது. டி5600-இல் 39 ஃபோகஸ் புள்ளிகள், எல்லாம் நடுப்பகுதியில்தான். அவள் ஓரத்துக்குப் போனதும் ஃபோகஸ் பின்னால் இருக்கும் வேப்பமரத்துக்குத் தாவிவிடும். செட்டிங்கை எப்படி மாற்றியும் பத்தில் இரண்டு மூன்றுதான் தேறின. இந்த முறை நோட்டு வேறு பதில் சொன்னது: ஃபோகஸ், ஃபோகஸ், ஃபோகஸ்.

வாங்கியது நிக்கான் இசட்50-இன் இரண்டாம் பதிப்பு. 2024 இறுதியில் வந்தது, மறுபடியும் ஏ.பி.எஸ்.சி.தான். மனிதர், நாய், பூனை, பறவை, வாகனங்கள் என்று ஒன்பது வகையைத் தானாகக் கண்டுபிடித்து, ஃபிரேமின் ஓரத்துக்குப் போனாலும் பின்தொடரும். கேனான் ஆர்10, ஆர்50, சோனி ஏ6700 ஆகியவற்றிலும் இதே மாதிரி வசதி உண்டு. அசையும் பொருளை எடுப்பவர்களுக்கு, சென்சாரின் அளவை விட, மெகாபிக்சலை விட, இதுதான் பாடி மாற்ற முதல் காரணம்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடியோ அதிகம் எடுத்தால் பல பழைய டி.எஸ்.எல்.ஆர். சரிவராது, லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது) ஃபோகஸ் தடுமாறும். சில சின்ன மிரர்லெஸ்களில், உதாரணமாக நிக்கான் இசட்30, சோனி இசட்.வி.-இ10 ஆகியவற்றில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே கிடையாது. வீட்டுக்குள் பரவாயில்லை. சித்திரை வெயிலில் மெரினாவில் நின்று பின்திரையைப் பார்த்துப் படம் எடுத்துப் பாருங்கள், உங்கள் முகம்தான் அதில் தெரியும்.

மெகாபிக்சலுக்காக மாற்றாதீர்கள். ஆல்பத்துக்கு 12-க்கு 18 அங்குலப் பிரின்ட் போட 300 டி.பி.ஐ.யில் 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும். அது இருபது மெகாபிக்சலுக்கும் கீழே. 4கே டி.வி.க்கு எட்டு மெகாபிக்சலே போதும். 24 மெகாபிக்சல் பாடி உங்களிடம் இருந்தால் இந்த விஷயத்தை மறந்துவிடலாம்.

ஃபுல் ஃபிரேம் யாருக்கு? எஃப் 1.8 லென்ஸ் வைத்திருந்தும் வெளிச்சம் போதாதவர்களுக்கு. கல்யாண வேலையைப் பகுதி நேரமாக எடுக்கத் தொடங்கியவர்களுக்கு. பின்னணி நன்றாகக் கரைய வேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்களுக்கு. ஆசைக்காக வாங்குபவர்களும் உண்டு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆசை என்று தெரிந்து வாங்கினால் சரி.

5. மவுண்ட்: கல்யாணம் மாதிரி

பாடி போகும், வரும். லென்ஸ்கள் பத்து வருடம் கூடவே இருக்கும். அதனால் எந்த மவுண்டுக்குள் (பாடியில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) நுழைகிறோம் என்பது மாடலை விடப் பெரிய முடிவு.

கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987-இல் வந்தது. நிக்கானின் எஃப் மவுண்ட் இன்னும் பழசு, 1959. இரண்டு நிறுவனங்களும் 2018-இல் மிரர்லெஸுக்காகப் புது மவுண்டுக்கு மாறின, கேனானில் ஆர்.எஃப்., நிக்கானில் இசட். பழைய லென்ஸ்களைப் புதியதில் மாட்ட இரண்டு நிறுவனங்களும் அடாப்டர் தருகின்றன. ஆனால் வழியில் சில பள்ளங்கள் உண்டு.

நிக்கானில் பழைய ‘டி’ வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார்தான் அவற்றைச் சுழற்றும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் அந்த மோட்டார் இல்லை. எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்டும் எஃப்.டி.இசட். அடாப்டரிலும் இல்லை. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8 டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பெயரில் ஏ.எஃப்.-எஸ் என்று இருந்தால் கவலையில்லை. ஏ.எஃப்.-பி லென்ஸ்கள் மிகப் பழைய பாடிகளில் வேலை செய்யாது.

கேனானில், ஏ.பி.எஸ்.சி.க்கான இ.எஃப்.-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டவே மாட்டாது. அடாப்டர் போட்டு ஆர்.எஃப். பாடியில் மாட்டலாம், ஃபுல் ஃபிரேம் பாடியாக இருந்தால் படம் கிராப் ஆகும் (சென்சாரின் நடுப்பகுதி மட்டும் பதியும்). இ.எஃப்.-எம் என்று நடுவில் ஒரு மவுண்ட் இருந்தது, எம்50 கேமராவில் வரும். அது நின்றுவிட்டது. ஆர்.எஃப். பாடியில் அந்த லென்ஸ்கள் பொருந்தா. யாராவது எம்50 செட் மலிவாகத் தந்தால், அதையே கடைசிவரை வைத்துக்கொள்வேன் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சோனியின் இ மவுண்ட் 2010-இலிருந்து இருக்கிறது. சிக்மா, டாம்ரான் போன்ற மற்ற நிறுவனங்களின் லென்ஸ்கள் அதற்குத்தான் அதிகம், அதனால் செகண்ட் ஹேண்டிலும் புழக்கம் நன்றாக இருக்கிறது. கேனான் 2024-இல்தான் ஆர்.எஃப். ஏ.பி.எஸ்.சி.க்குச் சிக்மா, டாம்ரானின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அனுமதித்தது. நிக்கான் இசட் இதில் நடுவாந்திரம். புஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் 2012-இல் வந்தது; நிறங்களுக்காகவும், மேலேயே இருக்கும் டயல்களுக்காகவும் அதைக் காதலிப்பவர்கள் உண்டு, விலையும் காதலுக்கு ஏற்ற மாதிரி இருக்கும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. கல்லூரியில் படிக்கிற அக்கா பையனுக்கு நான் சொன்னது செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். எல்லோரும் மிரர்லெஸுக்கு ஓடுவதால் விலை இறங்கிக் கிடக்கிறது, லென்ஸ்களும் மலிவு. புது லென்ஸ்கள் இனி பெரிதாக வராது, உண்மைதான். கற்றுக்கொள்ளும் மூன்று வருடத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

6. பணத்தைப் பிரித்தல்

கையில் 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் செய்கிற தவறு, 78,000-க்குப் பாடி வாங்கிவிட்டு மெமரி கார்டுக்குத் தம்பியிடம் கடன் கேட்பது. நான் பிரித்தால் பாடியும் கிட் லென்ஸும் சேர்த்து 50,000-க்குள் முடிப்பேன், தேவைப்பட்டால் முந்தைய மாடலோ செகண்ட் ஹேண்டோ. 20,000 வரை உங்கள் நோட்டு கேட்ட அந்த ஒரு லென்ஸுக்கு. மிச்சத்தில் கூடுதல் பேட்டரி, இரண்டு கார்டு, காற்றுப் புகாத டப்பா.

மிரர்லெஸ் பேட்டரி டி.எஸ்.எல்.ஆர். அளவுக்கு உழைக்காது, இரண்டாவது பேட்டரி ஆடம்பரம் இல்லை. கார்டுகளில் போலி நிறைய. பெட்டியில் 128 ஜி.பி. என்று இருக்கும், உள்ளே அதில் பாதிகூட இருக்காது. நிறையும்வரை தெரியாது, நிறைந்த பிறகு கல்யாணப் படம் காணாமல் போயிருக்கும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் கார்டை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே ஓட்டிவிடுங்கள்.

முடிந்தால் வாங்கும் முன் வாடகைக்கு எடுங்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் அடையாள அட்டையும் முன்பணமும் வாங்கிக்கொண்டு நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு சனி, ஞாயிறு 150-600 லென்ஸைத் தூக்கிச் சுமந்தால், அது உங்களுக்கா இல்லையா என்று தோள்பட்டையே சொல்லிவிடும்.

7. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

டார்ச் ஒன்று, சார்ஜ் உள்ள பேட்டரி, காலி கார்டு, லேப்டாப். இவை இல்லாமல் போக வேண்டாம். அவசரப்படுத்தும் விற்பனையாளரிடம் வாங்கவும் வேண்டாம்.

லென்ஸை முதலில் பாருங்கள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்வாகப் பாருங்கள். ஓரிரு தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கிளைகள் தெரிந்தால் பூஞ்சை. வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, ஜூம் வளையம் எங்காவது சிக்குகிறதா, லென்ஸை ஆட்டினால் கடகட என்று ஓசை வருகிறதா என்று பாருங்கள். ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸில் லேசான ஓசை இயல்பு.

அப்புறம் பாடி. எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் சென்சாரில் உள்ள கறைகள் எல்லாம் வந்து நிற்கும். தூசியைத் துடைக்கலாம், கீறலை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸ் மூடியைப் போட்டு நான்கு நொடி எக்ஸ்போஷர் எடுத்தால் எரிந்துபோன பிக்சல்கள் சிவப்பு, பச்சைப் புள்ளியாகத் தெரியும். ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். நிக்கான் படங்களில் அந்த எண் பதிந்தே வரும். ஒரு படம் எடுத்து எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் போதும். கேனானில் பல மாடல்களில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர். ஷட்டர்கள் ஒரு லட்சம் முறை அடிக்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டவை. முப்பதாயிரம் ஓடியது நல்ல கேமரா. தொண்ணூறாயிரம் என்றால் கல்யாண வேலைக்குப் போயிருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கார்டு, பேட்டரி மூடிகள், ஃபிளாஷ் மாட்டும் இடம், எல்லாப் பொத்தான்கள், டயல்கள், சார்ஜர். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லை என்றால் திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். புதியது என்று சொல்லி வெளிநாட்டுச் சரக்கைத் தருபவர்களும் உண்டு. விலை சில ஆயிரம் குறையும், இந்திய உத்தரவாதம் இருக்காது.

8. வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே கசக்கிப் பிழியுங்கள். எல்லா அப்பர்ச்சரிலும், எல்லா ஷட்டர் வேகத்திலும், பகலிலும் இரவிலும். புதுப்பொருளுக்கும் இது பொருந்தும். மாற்றித் தரும் காலம் சில நாட்கள்தான், பெட்டியையும் பில்லையும் அதுவரை தூக்கிப் போட வேண்டாம்.

சேமித்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் நான் சூடு கண்டவன். ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க கேமரா பையை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். பொங்கலுக்கு எடுத்தபோது டெலி லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. இருட்டு, ஈரம், துணி, தோல் பை. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. சுத்தம் செய்ய லென்ஸ் விலையில் பாதி கேட்டார்கள்.

இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். ரொம்பவும் காய்ந்துபோனாலும் லென்ஸின் ரப்பருக்கும் மசகுக்கும் நல்லதில்லை. ஜெல்லின் நிறம் மாறினால் (நீலம் என்றால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு என்றால் பச்சையாகும்) சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் போட்டு இளந்தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். மூன்று நான்கு லென்ஸ் சேர்ந்ததும் மின்சார டிரை கேபினட் வாங்கிவிடலாம். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். எதில் வைத்தாலும் வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள், அதுவே பாதி வைத்தியம்.

ஏசி அறையிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் மறுபடியும் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

பழைய பாடியை விற்பதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். லென்ஸ் விலை நிற்கும், பாடி விலை மாதா மாதம் இறங்கும். கார்டை உள்ளேயே விட்டுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், கேமராவில் பதிந்த வைஃபை, பெயர் விவரங்களை ரீசெட் செய்துவிடுங்கள்.

என் டி5600 விற்கவில்லை. கிட் லென்ஸோடு அக்கா பையனிடம் போயிற்று, அவன் தேடிக்கொண்டிருந்த செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். அதுவாகவே ஆகிவிட்டது. 35 மி.மீ. லென்ஸைத் தரவில்லை. அது அடாப்டரில் ஏறி இப்போதும் என்னிடமே இருக்கிறது. போன வாரம் போன் செய்தவன், “மாமா, வீட்டுக்குள்ள எடுத்தா எல்லாம் ஆடுது, ஃபுல் ஃபிரேம் வாங்கலாமா?” என்று கேட்டான். ஐம்பது படங்களையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.